ஒற்றுமைக்கு யார் விலை தருவது?

“ஒற்றுமையாய் இருங்கள்!” — இதைவிட எளிதாக வழங்கக்கூடிய அறிவுரை உலகில் வேறு இல்லை. வீட்டிலே மூத்தவர் சொல்கிறார். ஊரிலே நாட்டாண்மைக்காரர் சொல்கிறார். சபையிலே போதகர் சொல்கிறார். சொல்பவர்க்குச் செலவு ஏதும் இல்லை. கேட்பவர்களிலே பலர்க்கும் செலவு இல்லை. ஆனால், அந்தக் கூட்டத்திலேயே ஒரு மூலையில் வேறு சிலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இந்த அறிவுரையைக் கேட்கும்போதெல்லாம் தலை குனிந்துகொள்கிறார்கள். ஏன் குனிகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

காட்சி ஒன்றை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். சிற்றூர், அங்கே ஒரு தேவாலயம், சபையின் பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள். ஒருவன் எழுகிறான். முந்திய நாள் தந்தையைப் பறிகொடுத்தவன். கண் சிவந்திருக்கிறது, குரல் கம்முகிறது. “ஐயா, என் தகப்பனார் ஐம்பது ஆண்டு இந்தச் சபையிலே உறுப்பினர். அவர் உடலைப் பெரிய தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுவர விடுங்கள். எல்லாரையும் அடக்கம் செய்யும் இடத்திலே அவரையும் அடக்கம் செய்ய இடம் தாருங்கள்” என்கிறான். கூட்டத்திலே முணுமுணுப்பு எழுகிறது. பெரியவர் ஒருவர், பண்பட்டவர்தாம், கடுமொழி பேசி அறியாதவர்தாம், மெல்லச் சொல்கிறார்: “தம்பி, இத்தனை நாள் அமைதியாக இருந்தோம். இப்போது ஏன் இந்தப் பேச்சு? சபையின் ஒற்றுமை குலையலாமா?”

தோழர்களே, அந்த வினாவிலேதான் இக்கட்டுரையின் வினாவும் அடங்கியிருக்கிறது. ஒற்றுமையைக் குலைப்பவர் யார்? பாதையை அடைத்தவரா? அடைத்த பாதையைத் திறக்கச் சொன்னவரா?

இதனை ஆராயப் புகுமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒற்றுமை என்பதை நாம் இகழவில்லை. ஒரு சபை பிளவுபட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர் அறிவர். பள்ளிக்கூடம் நலியும், மருத்துவமனை நலியும், உடன்பிறந்தார் வழக்குமன்ற வாயிலிலே நிற்பர், ஏழை மாணவனுக்குச் சேரவேண்டிய பணம் வழக்கறிஞர் கைக்குச் செல்லும். ஒற்றுமை வேண்டும். மிக மிக வேண்டும். ஆனால் வேண்டும் பொருள் எதற்கும் விலை உண்டு. அந்த விலையை யார் தருவது என்று கேட்காமல் பொருளை மட்டும் போற்றுவது அறமாகாது என்பதே நாம் சொல்ல வந்தது.

இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததன்று. கிறித்தவ சபை தோன்றிக் கால் நூற்றாண்டு கழிந்த அளவிலேயே முளைத்துவிட்டது. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரம். இரு துறைமுகங்கள் கொண்ட வணிகக் களம். செல்வரும் அடிமைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே பவுல் நிறுவிய சிறு சபை ஒன்று இருந்தது. அதற்கு அவர் எழுதிய மடல் இன்றும் விவிலியத்திலே இருக்கிறது. ‘நான் பவுலின் பக்கம்’ என்றார் சிலர். ‘நான் அப்பொல்லோவின் பக்கம்’ என்றார் சிலர். ‘நான் கேபாவின் பக்கம்’ என்றார் இன்னும் சிலர். தலைவர் பெயரால் கட்சி பிரித்துக்கொள்ளும் கலையை நம் நாட்டவர் மட்டும் கண்டுபிடித்ததாக எவரும் செருக்கடைய வேண்டாம்!

அந்தக் கட்சிச் சண்டையைவிடக் கொடியது வேறொன்று நடந்தது. அக்காலத்திலே தனிக் கோயில் கட்டடம் இல்லை. வசதி படைத்தவர் வீட்டிலே கூடுவார்கள். திருவிருந்து என்பது உண்மையிலேயே விருந்தாக, உணவாக இருந்தது. ஓய்வு படைத்த செல்வர் முன்னதாக வந்து தாம் கொண்டுவந்ததை உண்டு குடித்து முடித்துவிடுவர். உழைத்துக் களைத்து வருவோர் வந்து சேரும்போது பந்தி முடிந்திருக்கும். ஒருவன் பசியோடு நிற்பான். இன்னொருவன் வெறியோடு கிடப்பான். பெயரோ அன்பின் விருந்து!

இதற்குப் பவுல் கூறிய தீர்ப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். பசித்து நின்றவனைப் பார்த்து, ‘பொறுத்துக்கொள், ஒற்றுமை கெடும்’ என்று அவர் கூறவில்லை. உண்டு முடித்தவனைப் பார்த்தே பேசினார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று இடித்துரைத்தார். பிறர் வரும்வரை காத்திருங்கள் என்று கட்டளையிட்டார். அதே மடலிலே சபையை உடலுக்கு ஒப்பிட்டு, கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் எனக் கூறலாகாது என்றும், வலிமை குன்றிய உறுப்புக்கே மிகுந்த மதிப்புத் தரவேண்டும் என்றும் விளக்கினார்.

அந்தியோகியாவிலே நடந்ததும் இத்தகையதே. யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த கேபா, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். திருத்தூதர்களிலே மூத்தவர் அவர். அவரையே எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் நின்று எதிர்த்தார் பவுல். இன்றைய சபைப் பெரியவர் அங்கிருந்தால் என்ன கூறியிருப்பார்? ‘பவுலே, பிரிவினை பேசாதீர்!’ என்றுதானே? ஆனால் எது பிரிவினை? எழுந்து விலகிய செயலா, விலகாதே என்ற சொல்லா? பந்தி ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அன்று சண்டை நடந்தது. ஒற்றுமையைக் காக்கவும் சில வேளை சண்டை தேவைப்படுகிறது!

இனி, நம் நாட்டுக்கு வருவோம். கிறித்தவம் இங்கே கால் ஊன்றியபோது அதற்கு எதிரே நின்றது பவுல் கண்டறியாத ஒன்று: சாதி. கொரிந்துச் செல்வன் வறியவனாகலாம், வறியவன் செல்வனாகலாம். இங்கே பிறந்தபோது ஒட்டியது இறந்தபின்னும் விடுவதில்லை.

1606இல் மதுரைக்கு வந்தார் இத்தாலிய நாட்டுத் துறவி இராபர்ட் தெ நொபிலி. தத்துவபோதகர் எனத் தமிழகம் அவரை அழைத்தது. தமிழைக் கற்றார், வடமொழியைக் கற்றார், காவி உடுத்தார், புலால் நீத்தார். மேற்சாதியார் தம்மை அணுகவேண்டும் என்பதற்காக, கடற்கரை மக்களுக்குத் தொண்டு செய்துவந்த தம் சபைக் குருவிடமிருந்தே விலகித் தனியே வாழ்ந்தார். பின்னர், ஏனையோருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருமார் ஏற்பட்டனர். மேலோருக்கு ஒரு குரு, கீழோருக்கு ஒரு குரு! 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றைக் குடிமை வழக்கங்களாகக் கொண்டு வைத்துக்கொள்ளலாம் என ஆணை பிறப்பித்தார். எளியோரை இகழாதீர் என்ற வேண்டுகோளும் அதே ஆணையில் இருந்தது. எண்ணிப் பாருங்கள்: சலுகை ஆணையாயிற்று, நீதி வேண்டுகோளாயிற்று.

நொபிலி கெட்ட எண்ணம் கொண்டவர் என நாம் சொல்லவில்லை. அறிவாளி, அரும்பாடு பட்டவர். ‘இப்போது சற்று விட்டுக்கொடுப்போம், உள்ளே வந்தபின் மெல்லத் திருத்துவோம்’ என்பதே அப்போக்கின் உட்பொருள். ஆனால் உள்ளே வந்தது மனிதர் மட்டுமல்லர். அவர் தோளிலே ஏறிச் சாதியும் வந்தது. வந்ததோடு நின்றதா? கோயிலுக்குள்ளே தனக்கென இடம் பிடித்து, பின்னர்க் கோயிலையே தன் வடிவத்துக்குக் கட்டிக்கொண்டது.

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ணுகிறீர்களா? நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்துக்கு வாருங்கள். 1872இல் கட்டி முடிக்கப்பெற்ற கத்தோலிக்கக் கோயில் அங்கே உண்டு. பீடம் ஒன்று, அதிலிருந்து கவடு பிரிந்ததுபோல் இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்றிலே பிள்ளை, முதலி முதலிய வகுப்பார். மற்றொன்றிலே நாடார் முதலிய ஏனையோர். இடையே சுவர். இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது! கடவுளின் முகம் தெரியவேண்டும், அயலானின் முகம் தெரியக்கூடாது என்ற கருத்தைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் வடித்துக் காட்டினார்கள்.

எதற்காக? ஒற்றுமைக்காக! ஆம், அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். தனித்தனிக் கோயில் எழாமல், ஒரே கூரையின்கீழ் அனைவரையும் வைத்திருக்க இதுதான் வழி என்று கருதினார்கள். பூசல் அடங்க வேண்டும், ஊர் அமைதியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு சுவர்தானே விலை? கொடுத்துவிடலாம்! ஆனால் அந்த விலையை இரு பக்கத்தாரும் சமமாகவா கொடுத்தார்கள்? ஒரு பக்கத்தாருக்கு அந்தச் சுவர் பெருமை. மறு பக்கத்தாருக்கு ஞாயிறுதோறும் கண்ணெதிரே நிற்கும் அவமானம்.

1910இல் குருமார் அச்சுவரை இடித்தனர். உடனே மேல்வகுப்பார் சும்மா இருந்தார்களா? ஆயரையே எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். சுவரைத் திரும்பக் கட்டித் தரவேண்டும், அந்தக் கூடம் எமக்கே உரியது என்று கேட்டார்கள். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது, அங்கும் தோற்றது. உடன்பிறந்தாரை வழக்குமன்றத்துக்கு இழுக்கவேண்டாம் என்பது கொரிந்து மடலிலே உள்ள அறிவுரை. சுவருக்காக அந்த அறிவுரையையும் சுவருக்கு அப்பால் எறிந்தார்கள்! அமைதிக்காகக் கட்டப்பட்டதாகச் சொல்லப்பட்ட சுவர், இடிந்தபோது தன் உண்மை உருவத்தைக் காட்டிவிட்டது. அமைதியை அது காக்கவில்லை, ஆதிக்கத்தைத்தான் காத்திருந்தது.

கத்தோலிக்கரை மட்டும் குறைகூறிப் பயன் இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவும் அவர் தோழரும் தொடங்கிய சீர்திருத்தச் சபையிலும் இதே நோய் புகுந்தது. தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்த அந்தச் சபை, தாழ்த்தப்பட்டோரைத் தனியே அமர வைத்தது. ஆயிரமாயிரம் படிகளை அச்சடிக்க முடிந்தது. இருவரை ஒரே பாயில் அமர்த்த முடியவில்லை!

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமை சபைக்குள்ளே உடனடியாகவும் அறவேயும் ஒழியவேண்டும் என மடல் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் கொந்தளிப்பு எழுந்தது. நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறினர். சாதி வழக்கம் குடிமை வழக்கமே, சமயத்துக்கு மாறானதன்று என வாதாடியவர்களிலே தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். சாதியைத் திருத்த முயல்வது பைத்தியம் என்ற பொருள்படத் தலைப்பிட்டு நூலே எழுதினார். இனிய பாடல்களைத் தந்த பெரும்புலவர்! அவருடைய கவிதையைப் போற்றுவோம். இந்தக் கருத்தை ஏற்கமாட்டோம். மதுரைப் பகுதியிலே அமெரிக்க மிஷனார் 1847இல், ஊழியம் செய்வோர் அனைவரும் ஒரே பந்தியில் உண்டு காட்டவேண்டும் என விதித்தனர். பலர் வேலையை விட்டார்களே ஒழிய, கையை இலைக்குக் கொண்டுசெல்லவில்லை.

இங்கேதான் எதிர்வாதம் எழும். அதை மறைக்காமல் எடுத்துரைப்போம். ஏனெனில் அது எளிய வாதமன்று.

“பார்த்தீர்களா! வில்சன் அவசரப்பட்டார், சபை உடைந்தது. மக்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பழகியதை ஒரு மடலால் மாற்ற முடியுமா? சாதியை விடமுடியாதவன் பலவீனன். பலவீனனுக்காகப் பொறுமை காட்டச் சொன்னவரும் அதே பவுல்தானே? சிலைக்குப் படைத்த இறைச்சியை உண்பது தவறில்லை என்று அறிந்தவனும், அதைக் கண்டு மனம் கலங்கும் சகோதரனுக்காக உண்ணாமல் இருக்கட்டும் என்றாரே! அந்தப் பரிவைச் சாதி உடையவனுக்கும் காட்டக்கூடாதா?”

கேட்பதற்கு இனிய வாதம். பரிவு, பொறுமை, அன்பு என்ற நல்ல சொற்களால் நெய்யப்பட்டது. ஆனால் ஓர் இழையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இறைச்சியை உண்ணாமல் விட்டவன் யார்? அறிவுடையவன். இழப்பு யாருக்கு? அவனுக்கே. அவன் தன் கையிலிருந்து தந்தான். அதனால் அது அன்பு. இங்கே என்ன நடக்கிறது? மேல்சாதியானின் பலவீனத்துக்காகப் பொறுமை காட்டுபவர் போதகர். ஆனால் பின் வரிசையிலே அமர்பவர் போதகரா? தனிக் கிண்ணத்திலே பருகுபவர் போதகரா? கல்லறைத் தோட்டத்தின் மூலைக்கு அனுப்பப்படுவது போதகரின் தந்தையா? இல்லை! பொறுமை இவருடையது, இழப்பு இன்னொருவனுடையது. பிறன் பையிலிருந்து எடுத்து ஈகை செய்பவனை வள்ளல் என்று எந்த நூலும் கூறவில்லை.

இதைத்தான் அளவுகோலாகக் கொள்ளச் சொல்கிறோம். விட்டுக்கொடுத்தல் நல்லது, யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வலியவன் விட்டுக்கொடுத்தால் அது ஒற்றுமை. எளியவனையே எந்நாளும் விட்டுக்கொடுக்கச் செய்தால் அதற்குப் பெயர் அடக்குமுறை. ஒற்றுமை என்பது அதன்மேல் பூசிய வெள்ளை.

அப்படியானால் உண்மையான ஒற்றுமை நடைபெற்றதே இல்லையா? நடந்திருக்கிறது, இந்தத் தென்னாட்டிலேயே நடந்திருக்கிறது. 1919 மே திங்களில், அதே தரங்கம்பாடியிலே, பெரும்பாலும் இந்தியப் போதகர்களே கொண்ட ஒரு கூட்டம் கூடியது. அழைத்தவர்களிலே முதன்மையானவர், நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் எனப் பெயர் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா. கூடியவர்கள் கேட்ட கேள்வி எளிது: இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் என்றோ நடந்த பூசல்களுக்காக இங்குள்ள தமிழனும் தெலுங்கனும் ஏன் தனித்தனிச் சபைகளாய்ப் பிரிந்து நிற்கவேண்டும்?

அதற்கு விடை காண 28 ஆண்டுகள் ஆயின. பேராயர் வேண்டும் என்பது ஆங்கிலிக்கரின் கொள்கை. பேராயர் வேண்டாம் என்பது காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் மரபுகளின் கொள்கை. பேராயர் கைவைத்து அருட்பொழிவு செய்யாத போதகரைப் போதகராகவே ஏற்கமாட்டோம் என்றனர் சிலர். எங்கள் ஊழியம் என்ன பொய்யா எனச் சினந்தனர் வேறு சிலர். இறுதியில் இரு தரப்பும் இழந்தன. அதனால் இரு தரப்பும் வென்றன. பேராயர் முறையை மற்றவர் ஏற்றனர். மற்றவர்களின் போதகர்களை, மீண்டும் அருட்பொழிவு செய்யாமலே ஆங்கிலிக்கர் ஏற்றனர். மனம் ஒப்பாத போதகரை எந்தச் சபையின்மேலும் திணிக்கமாட்டோம் என உறுதி அளித்தனர். முழுமையாகப் பொருந்தி வர 30 ஆண்டு இடைக்காலமும் வகுத்தனர். 1947 செப்டம்பர் 27ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற ஏழாவது வாரத்திலே, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்திலே தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1945இல் மறைந்த அசரியா அந்த நாளைக் காணவில்லை.

இந்த ஒற்றுமை ஏன் நிலைத்தது? ஒவ்வொருவரும் தாம் அருமையாகக் கருதிய ஒன்றைத் தாமே முன்வந்து வைத்தார்கள். மேசைமேல் வைக்கப்பட்டது அவரவர் பொருள்.

ஆனால், உள்ளபடி பேசுவதென்றால், இன்னொன்றும் சொல்லவேண்டும். மேலே பேராயர்கள் ஒன்றானார்கள். கீழே தெருக்கள் ஒன்றாயினவா? ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் ஒரே கிண்ணத்தில் பருக வழி கண்ட அறிவு, அவ்வூரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் மணவுறவு கொள்ள வழி காணவில்லையே! கோட்பாட்டிலே விட்டுக்கொடுப்பது கடினம்தான்; குலப்பெருமையிலே விட்டுக்கொடுப்பது அதனினும் கடினம் போலும்.

அந்தக் கடினத்தின் கொடுமையை 2008இல் எறையூர் காட்டியது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஊர். கத்தோலிக்கர் நிறைந்த ஊர். அங்கே தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள், கோயிலிலும் இறுதி ஊர்வலத்திலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக நெடுநாள் முறையிட்டனர். பயன் இல்லை. எங்கள் தெருவிலுள்ள சிற்றாலயத்தையே தனிப் பங்காக அறிவித்து, எங்களுக்கெனக் குருவைத் தாருங்கள் என்று கேட்டனர். அவ்வாண்டு மார்ச் 9ஆம் நாள் கலவரம் வெடித்தது; தாழ்த்தப்பட்டோர் வீடுகள் தாக்கப்பட்டன; காவல் துறை துப்பாக்கிச் சூட்டிலே மற்றொரு தரப்பைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். மாண்டவர்களும் மனிதர்களே, அவர்கள் வீட்டிலும் தாய்மார் அழுதனர். சமூகத்தாலே பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்தாம் அவர்களும். தன்னை ஒருவன் மிதித்தபோது வலித்தது. தான் ஒருவனை மிதிக்கும்போது வலிப்பதில்லை. சாதி ஏணியின் மாயம் அதுவே.

இங்கே அறநெறியாளரைத் திகைக்க வைக்கும் ஒரு வினா எழுகிறது. தனிப் பங்கு கேட்டார்களே, அது பிரிவினை அல்லவா? சுவரை இடிக்கவேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு, இப்போது தனிக் கோயிலை ஆதரிக்கலாமா?

நம் விடை இது. தனிக் கோயில் நோய்க்கு மருந்தன்று; ஐயமில்லை. ஆனால் கதவை அடைத்தவனுக்கு, வெளியே நிற்பவன் தனிக் குடிசை போட்டுக்கொண்டான் என்று குறைகூற உரிமை இல்லை. ஒதுக்கப்பட்டவன் கேட்கும் தனியிடமும், ஒதுக்குபவன் எழுப்பும் சுவரும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம். ஒன்று மானத்தைக் காக்க எழுவது. மற்றொன்று மானத்தைப் பறிக்க எழுவது. உங்களோடு சமமாக அமர விடுங்கள் என்று அவன் முதலில் கேட்டான். அதற்கு விடை கிடைக்காதபோதுதான், தனியே அமர விடுங்கள் என்றான். முதல் வேண்டுகோளை மறுத்தவர்கள் இரண்டாவது வேண்டுகோளையும் எதிர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சேர்த்துக்கொள்ளவும் மாட்டோம், போகவும் விடமாட்டோம்! அவர்கள் காக்க நினைத்தது ஒற்றுமையை அன்று. தமக்குக் கீழே ஒருவன் இருக்கவேண்டும் என்ற ஏற்பாட்டை.

காலம் அசையாமல் நிற்கவில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் வெளியிட்ட கொள்கை அறிக்கை, தீண்டாமை திருச்சபைக்குள்ளே நிலவுகிறது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா, தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து கர்தினாலான முதல் இந்தியர் ஆனார். வரவேற்போம்! நோயை நோய் என்று சொல்வது மருத்துவத்தின் முதற்படி. ஆனால் முதற்படியிலே நின்றுகொண்டு மாடியேறிவிட்டதாகச் சொல்லலாகாது. உரோமாபுரியிலே ஓர் இருக்கை கிடைத்தது நன்று; ஊர்க்கோயிலிலே முன் வரிசையில் ஓர் இருக்கை கிடைத்ததா என்பதே ஊரான் கேட்கும் கேள்வி.

சபைகளின் ஒற்றுமையை விரும்பும் நல்லோர்க்கு நாம் சொல்வது பெரிய தத்துவமன்று. உங்கள் சபை ஒன்றாக இருக்கிறதா என்று அறிய, பாடகர் குழுவின் இசையை அளவாகக் கொள்ளாதீர்கள். ஆண்டுவிழாப் பந்தலையும் அளவாகக் கொள்ளாதீர்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். பந்தியைப் பாருங்கள்: யார் சமைத்ததை யார் உண்கிறார்? மணமேடையைப் பாருங்கள்: எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் உறவு? கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள்: மண்ணுக்குள்ளும் எல்லைக் கல் உண்டா? இந்த மூன்றிலும் ஒன்றாக இருந்தால், நிருவாகக் குழுவிலே எத்தனை வாக்குவாதம் நடந்தாலும் உங்கள் சபை ஒன்றுதான். இந்த மூன்றிலும் பிரிந்திருந்தால், ஒரு முணுமுணுப்பும் எழாத அமைதி நிலவினாலும் நீங்கள் ஒன்றல்லர். ஒரே கூரையின்கீழ் இருக்கும் அயலார்.

இதைப் படித்துவிட்டு, கிறித்தவர்களின் குறை வெளிப்பட்டது என்று மகிழும் நண்பர் எவரேனும் இருந்தால், அவர் சற்றே பொறுக்கட்டும். சபைக்குள் சாதி எங்கிருந்து வந்தது? பெத்லகேமிலிருந்தா? நம் ஊரிலிருந்து, நம் வீட்டிலிருந்து, நம் நடுவிலிருந்துதான் போயிற்று. சேரன்மாதேவிக் குருகுலத்திலே தேசத்தின் பெயரால் தனிப்பந்தி நடந்தபோதும், ஒற்றுமை கெடும், கிளறாதீர் என்றே சொன்னார்கள். ஊர்ச் சங்கம், தொழிற்சங்கம், அரசியல் கட்சி என எங்கே மக்கள் கூடினாலும், பின் வரிசையில் இருப்பவன் வாய் திறக்கும் கணத்திலே இதே அறிவுரை எழுகிறது. சமத்துவம் பேசுபவர் வீட்டுத் திருமண அழைப்பிதழையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாம் யாரையும் தனியே சுட்டவில்லை, நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

மீண்டும் அந்தச் சிற்றூர்க் கூட்டத்துக்கு வருவோம். தந்தையை இழந்தவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். சபையின் ஒற்றுமை குலையலாமா என்ற கேள்வி காற்றிலே தொங்குகிறது. அவன் என்ன விடை சொல்லவேண்டும் என்று நாம் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அவன் ஐம்பது ஆண்டாக விலை கொடுத்துவந்த குடும்பத்தின் மகன். இனி விடை சொல்லவேண்டியவர் அந்தப் பெரியவர். அவர் நல்லவர் என்றோம். அதை நாம் திரும்பப் பெறவில்லை. நல்லவராக இருப்பதால்தான் அவரிடம் கேட்கிறோம். ஐயா, எழுந்திருங்கள். பெரிய தெருவிலே உங்கள் வீட்டு வாயிலைக் கடந்து அந்தப் பெட்டி வரட்டும். முன்னே நடப்பவர்களோடு நீங்களும் நடவுங்கள். தோள் கொடுக்க ஆள் குறைந்தால் உங்கள் தோளையும் கொடுங்கள். உறவினர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். அடுத்த வாரம் உங்கள் வீட்டுப் படி ஏறாமலும் இருப்பர். அதுதான் விலை. முதல்முறையாக அதை நீங்கள் கொடுங்கள்.